இருப்புப் பதிவேடும் சூழல் காக்கும்

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழல் என்றதும் நம் பள்ளிகளில் மரக்கன்று நடுகிறோம், நெகிழிப் பையைத் தவிர்க்கச் சொல்கிறோம். நல்லவைதான். ஆனால் இன்று நான் பேச வந்தது பீரோவுக்குள் இருக்கும் ஒரு நோட்டைப் பற்றி. அதுதான் இருப்புப் பதிவேடு.

முன்பெல்லாம் அதில் பெஞ்சு, மேசை, நாற்காலி, மணி என்றுதான் எழுதியிருக்கும். இன்று திறன் பலகை, கைக்கணினி, பிரிண்டர், யூ.பி.எஸ். எல்லாம் சேர்ந்துவிட்டன. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்டன. தேக்கு மேசை முப்பது ஆண்டு உழைக்கும். கணினிக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. இருந்தும் இரண்டையும் ஒரே மாதிரி, "எண்ணிக்கை 1, நல்ல நிலை" என்றே எழுதி வருகிறோம்.

2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதற்குக் கணக்கு இருப்பது 22.3 சதவீதத்துக்குத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு மடிக்கணினியால் காற்றில் கலக்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, அது நம் கைக்கு வருமுன்பே, சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் வெளியாகிவிடுகிறது. ஆகவே வேலை முடிந்ததும் அணைத்து வைப்பது நல்லது; அதைவிட நல்லது, அதே கணினியை இன்னும் இரண்டு மூன்று ஆண்டு உழைக்க வைப்பது.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்குள்ள நூற்பாலைகளில் இயந்திரத்துக்கு எப்போது எண்ணெய் விட்டார்கள், எந்தப் பாகத்தை மாற்றினார்கள், அடுத்த பராமரிப்பு எப்போது என்று குறித்து வைப்பார்கள். கழிவுப் பஞ்சுக்குக்கூட ஒரு பயன் உண்டு. நம் மாணவர்களின் பெற்றோர் ஆலையில் செய்யும் வேலையை, நாம் பள்ளியில் செய்தால் போதும்.

நம்மைத் தடுப்பது அச்சம். "பழுதானால் யார் பதில் சொல்வது?" என்ற அச்சம். அதனால் பெட்டியைப் பிரிக்காமல், அறையைத் திறக்காமல், பத்திரமாகப் பூட்டி வைக்கிறோம். ஆனால் பூட்டு மின்கலத்தைக் காப்பாற்றாது. யூ.பி.எஸ். பேட்டரி சார்ஜ் இறங்கிய நிலையில் கோடை விடுமுறை முழுவதும் கிடந்தால், உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகி, அதன் திறன் போய்விடும். கைக்கணினியும் அப்படித்தான். முழுதாக இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் வெயிலடிக்கும் அறையில் கிடந்தால் மறுபடி உயிர் பெறாமலே போகலாம். விடுமுறைக்கு முன் பாதி அளவு சார்ஜ் செய்து குளிர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பூட்டி வைத்த கருவி பிள்ளைக்கும் பயன்படவில்லை, கழிவாகாமலும் தப்பவில்லை.

பதிவேட்டில் ஐந்து விவரங்களைச் சேர்க்கச் சொல்கிறேன். ஒன்று, கருவியின் வரிசை எண். இரண்டு, உத்தரவாதம் முடியும் நாள். மூன்று, பழுதான நாளும் புகார் எண்ணும். நான்கு, மாற்றிய பாகம். ஐந்து, கடைசியாக இயக்கிப் பார்த்த தேதி. உத்தரவாதம் முடியுமுன் புகார் கொடுத்தால் இலவசமாகச் சரியாக வேண்டிய கருவி, தேதி தெரியாததால் மூலைக்குப் போகக் கூடாது. இந்தப் பதிவு ஆசிரியருக்கும் காப்பு. பயன்படுத்தித் தேய்ந்ததா, கவனிக்காமல் கெட்டதா என்பதை அதுவே சொல்லிவிடும்.

மென்பொருள் பழசாவதாலும் கணினி கழிவாகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றில் அடுத்த பதிப்பு ஏறாது. அதற்காக உடனே ஒதுக்கிவிட வேண்டாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் இயங்குகின்றன. துறையின் ஒப்புதலோடு நாமும் முயலலாம்.

எல்லாம் செய்தும் தீர்ந்துபோன கருவிகள் இருக்கத்தான் செய்யும். அவற்றைப் பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது. செம்புக்காக வயரைக் கொளுத்தினால் நச்சுப்புகை எழும். பழைய பெட்டி மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் உண்டு. கண்மாய்க் கரையில் அதை உடைத்துப் போட்டால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடு. நமக்கு மேற்கே இருப்பது 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அந்த மலைத் தண்ணீரை நம்பித்தான் நம் ஊர்கள் இருக்கின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே இவை சேர வேண்டும். எனவே முறைப்படி பட்டியலிட்டு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். கருவியில் உள்ள மாணவர் விவரங்களை முதலில் அழித்துவிடுங்கள்.

இங்கே வந்திருக்கும் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கு வரும்போது "எத்தனை இருக்கிறது?" என்பதோடு நிறுத்தாமல், "எத்தனை ஓடுகிறது?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வி வந்தால் பூட்டிய அறைகள் தாமாகத் திறக்கும்.

ஆசிரியர்களே, இந்த ஆண்டு இருப்புச் சரிபார்ப்பின்போது ஒவ்வொரு கருவியையும் எண்ணுவதோடு விடாமல், ஒருமுறை இயக்கியும் பாருங்கள். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர் இருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு அதைவிட நல்ல சூழல் பாடம் கிடைக்காது.