வீட்டிற்குள் வந்த பெட்டிகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தபோது, பொருள் யாது என்று வினவினோம். "எதைப் பற்றியும் பேசலாம், திருக்குறள் மட்டும் வேண்டா, அதற்கு வேறு மூவர் இருக்கின்றனர்" என்றார். நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேட்டோடும் கணிப்பொறித் திரையோடும் நாளைக் கழித்து வருகின்றோம். புலமை உரை நம்மிடம் எதிர்பார்க்கத் தக்கதன்று. ஆதலின் நம் காலனி வீடுகளில் மாலை நேரங்களில் பேசப்படும் செய்திகளையே, அதாவது பாட்டு, படம், கணிப்பொறி, அக்கம்பக்கத்து மனத்தாங்கல் ஆகியவற்றையே, இங்கும் பேச எண்ணுகின்றோம்.

இந்நகரில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 'ஆகாசவாணி' என்னும் வானொலிப் பெயர் தில்லியில் தோன்றியதன்று. நம் மைசூரில் தோன்றியது. 1935ஆம் ஆண்டில், மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசுவாமி அவர்கள், 'விட்டல் விஹார்' என்னும் தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தை அமைத்தார். அதன் ஆற்றல் 30 வாட். பழைய நாற்பது வாட் குமிழ் விளக்கினும் குறைவு! அந்நிலையத்திற்கே ஆகாசவாணி என்னும் பெயர் வழங்கலாயிற்று. பின்னர் மைசூர் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. 1955இல் நிலையம் பெங்களூருக்குப் பெயர்ந்தது. 1974இல் மைசூர் மீண்டும் தன் நிலையத்தைப் பெற்றது. இதற்கிடையே 1957இல் நாடு முழுவதற்கும் இப்பெயர் ஆயிற்று.

தமிழ்நாட்டில் இதனை ஏற்க மனமில்லாதோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். 'வானொலி' என்னும் இனிய சொல் இருக்க, பிறிதொன்று எதற்கு என்பது அவர் வாதம். 2023 மே மாதத்தில், ஆங்கிலத்திலும் இனி ஆகாசவாணி என்றே வழங்குக என்று ஆணை பிறந்தபோது மறுபடியும் கண்டனம் எழுந்தது. நம் கருத்தைக் கேட்டால், சென்னையில் வானொலி என்பதும் முறை, மைசூரில் ஆகாசவாணி என்பதும் முறை. ஒரு பேராசிரியர் வீட்டில் அன்போடு இட்ட பெயர், கட்டளையாக உருமாறி ஊர் ஊராகச் செல்லும்போதுதான் கசக்கின்றது.

கட்டளை என்றதும் கேஸ்கர் நினைவு வருகின்றது. 1952இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர் அவர்கள், திரைப்பாடல்கள் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கின்றன என்று கருதி, வானொலியில் அவற்றிற்கு இடமில்லாமற் செய்தார். மக்கள் திருந்திச் செவ்விசை கேட்கத் தொடங்கினரோ? இல்லை, குமிழைச் சற்றே திருகினர், இலங்கை வானொலி பாடிற்று. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி பிறந்ததற்கு இதுவே காரணம். பிள்ளைகளின் பாட்டுச் சுவையைக் கண்டு சீறும் தந்தையர் இவ்வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று. இக்காலத்தில் திருகுவதற்குக் குமிழ்கூட வேண்டியதில்லை.

கன்னடத் திரையுலகிலும் இத்தகைய கட்டுப்பாடு ஒன்று பல்லாண்டுக் காலம் இருந்தது. பிறமொழிப் படங்களைக் கன்னடக் குரலில் மாற்றி வெளியிடலாகாது என்பது அது. சிறிய திரைத்துறை; அதனை நம்பி வாழும் நடிகரும் தொழிலாளரும் பலர்; அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் விளைந்தது என்ன? தமிழ்ப் படத்தைக் கன்னடர் தமிழிலேயே கண்டனர், தெலுங்குப் படத்தைத் தெலுங்கிலேயே கண்டனர். கன்னடத்தைக் காக்க எழுந்த வேலி அயல்மொழியைக் கற்பிக்கும் பள்ளியாயிற்று. 2015இல் போட்டி ஆணையம் அக்கட்டுப்பாடு முறையன்று எனத் தீர்த்தது. 2017இல் 'என்னை அறிந்தால்' படம் 'சத்யதேவ் ஐ.பி.எஸ்.' என்னும் பெயரோடு கன்னடம் பேசிற்று. அடுத்த ஆண்டே 'கே.ஜி.எஃப்.' வெளிவந்து, கன்னடப் படம் தமிழ் பேசித் தமிழ்நாட்டுக் கொட்டகைகளை நிறைத்தது. கதவு திறந்தால் காற்று இருபுறமும் வீசுமன்றோ!

அந்தக் 'கே.ஜி.எஃப்.' பற்றி ஒரு சொல் கூற வேண்டும். நம் இளைஞர்கள் அப்படத்தின் வசனங்களை மனப்பாடமாக ஒப்பிக்கின்றனர். கோலார் தங்க வயல் யாருடைய வியர்வை என்று கேட்டால் விழிக்கின்றனர். படத்தில் ஊரின் பெயர் மெய், கதை புனைவு. மெய்க் கதையில், 1880இல் ஆங்கிலேயக் குழுமம் ஒன்று அங்குச் சுரங்கம் தோண்டப் புகுந்தபோது, வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் சென்று நிலத்தடியில் இறங்கியவர் தமிழ் உழைப்பாளர். அவருட் பெரும்பாலோர் ஊரில் சேரிக்கு அப்பால் கால் வைக்க இயலாதவர். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகச் சென்றது. 1902இல் நம் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் அங்குச் சென்றது. பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு அதற்குப் பின்னரே வந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அவ்வுழைப்பாளரின் பேரப்பிள்ளைகள் விடியலில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். அவ்வண்டிகளின் கூட்டத்தைக் கண்டவர்க்குத் தெரியும், தங்கம் எங்கே போயிற்று என்பது. 2024இல் பா. இரஞ்சித் இயக்கிய 'தங்கலான்' அம்மக்களின் முன்னோரைப் பற்றி எடுக்கப்பட்டது. படம் சற்றுக் குழப்பமானது என்று நம் வீட்டில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறிற்று; எனினும் நம்மைப் போல் கன்னட நாட்டில் பிழைக்க வந்த தமிழரின் கதை அது என்பதனால், இரு படங்களையும் அடுத்தடுத்துக் காண்பது பயன் தரும்.

இனி, எவரும் மேடையில் தொட அஞ்சும் செய்தி. 2025 மே மாதத்தில், 'தக் லைஃப்' படத்திற்காகச் சென்னையில் நடந்த விழாவில், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்னும் பொருள்படக் கமல்ஹாசன் அவர்கள் பேசினார். கன்னட நாட்டில் சினம் மூண்டது. மன்னிப்புக் கோரினாலன்றிப் படத்தை ஓட்டவிடோம் என்றனர், அவரும் கோரினாரல்லர். ஜூன் மாதத்தில் உச்சநீதிமன்றம், கூட்டத்தாரின் அச்சுறுத்தலுக்குச் சட்டம் பணியலாகாது என்று அரசுக்கு அறிவுறுத்தியது. நீதிமன்றம் கூறியது முற்றும் சரி. படத்தை எரிப்பதாக மிரட்டுவது எந்த மொழிக்கும் தொண்டாகாது. ஆனால் கமல் கூறியதும் சரியென்று நம்மில் சிலர் தேநீர்க் கடையில் முழங்கினரே, அது சரியன்று.

மொழியியலார் தமிழையும் கன்னடத்தையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பர். தாயும் மகளும் என்பாரில்லை. நாம் 'பால்' என்போம், அவர் 'ஹாலு' என்பர். நாம் 'புலி' என்போம், அவர் 'ஹுலி' என்பர். பழங்கன்னடத்தில் அவையும் பகரத்தில் தொடங்கியனவே. இங்குப் பழமையைக் காத்தது தமிழ். ஆனால் 'செவி' என்னும் சொல்லைப் பாருங்கள். கன்னடத்தில் அது 'கிவி'. 'செய்' என்பது பழங்கன்னடத்தில் 'கெய்'. இவற்றில் ககரமே மூத்த வடிவம்; மாறிப்போனது தமிழ். சில பொருளை அக்காள் காத்தாள், சில பொருளைத் தங்கை காத்தாள். யார் அக்காள் என்னும் வழக்கைக் காய்கறிக் கடையில் தீர்க்க வேண்டியதில்லை. இதே ஊரில், மானசகங்கோத்திரியில், 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இயங்குகின்றது. செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையம் 2006இல் முதலில் அமைந்ததும் அங்கேதான். 2008இல்தான் சென்னைக்குச் சென்றது. கன்னட மண்ணில் செந்தமிழ் ஆய்வு இரண்டாண்டு வளர்ந்ததனால் எவர் வீட்டு அடுப்பும் அணைந்துவிடவில்லை.

நம்மில் மூத்தோர் 1991 டிசம்பரை மறந்திலர். காவிரிக் கலவரத்தின்போது நாம் சிறுவர். எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, வெளித்திண்ணையில் இரவெல்லாம் செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தவர் அடுத்த வீட்டுக் கன்னடப் பெரியவர். மேடையில் ஒருவர் உதிர்க்கும் சொல்லுக்கு விலை கொடுப்பவர், எல்லைக்கு இப்பால் வாழும் நம் போன்றோரும் அத்தகைய பெரியவர்களுமே. ஆகையால் மொழிப்பெருமை பேசுமுன் சற்று எண்ணிப் பேசுமாறு கேட்க நமக்கு உரிமையுண்டு என்றே கருதுகின்றோம்.

இனிக் கணிப்பொறி. இதனைச் சற்று விரித்துரைக்க அவை பொறுத்தருள வேண்டும்.

நம் காலனியில் ஒரு வீடு. பாட்டியார் கும்பகோணத்தில் தனியே இருக்கின்றார். பேத்தி இங்குக் கல்லூரியில் பயில்கின்றாள். பாட்டியார்க்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும். பேத்திக்குத் தமிழ்ப் பேச்சு மட்டுமே தெரியும். பேத்தி நாள்தோறும் கைப்பேசியில் அன்பாகச் செய்தி அனுப்புகின்றாள், தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டி. பாட்டியார் அதனை எடுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக் கடைப் பையனிடம் சென்று படித்துக் காட்டச் சொல்கின்றார். கடந்த ஆடியில் அப்பெண் தன் திருமணப் பேச்சைப் பற்றி, வீட்டில் எவரிடமும் சொல்லாத ஓர் அச்சத்தைப் பாட்டிக்கு மட்டும் எழுதினாள். அதனையும் மருந்துக் கடையில்தான் படித்தனர். பேத்தி இப்போது பாட்டிக்கு எழுதுவதில்லை. மாலையில் ஏறினால் காலையில் இறங்கும் தொலைவில்தான் கும்பகோணம் இருக்கின்றது. வண்டியும் நாள்தோறும் ஓடுகின்றது.

'குரலில் பேசி அனுப்பலாமே' என்பார் உளர். பேசலாம். ஆனால் நான்கு பேர் உள்ள வீட்டில் உரக்கச் சொல்லக்கூடாதவை உண்டு. எழுதியதைத் தலையணைக்கடியில் வைத்து மறுநாளும் படிப்பதும் உண்டு. மேலும் ஆங்கில எழுத்தில் தட்டினால் பழமும் பலமும் பாலமும் ஒன்றாகிவிடுகின்றன. நம் அலுவலகத்திலோ ழகரம் இரண்டு எழுத்தாக விரிந்து, பெயருக்கு ஒதுக்கிய கட்டங்கள் போதாமல், எத்தனையோ தமிழ்ச்செல்விகள் பாதிச் செல்விகளாகவே பயணம் செய்கின்றனர்.

இதில் வியப்பு யாதெனில், கணிப்பொறியில் தமிழ் எழுத வழி வகுத்தவருட் பலர் நம்மைப் போல் தாய்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவரே. அதற்கும் முன்பு தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா, யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பிழைக்கச் சென்றவர். 1980களில் 'முரசு' மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன் மலேசியர். இணையத்தில் தமிழேற்ற உழைத்த நா. கோவிந்தசாமி சிங்கப்பூர் ஆசிரியர். 'மயிலை' எழுத்துருவை அமைத்து இலவசமாக வழங்கிய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியல் அறிஞர். 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றிப் பழநூல்களைத் தட்டிச் சேர்த்த பணி. ஊரில் இருப்பவர்க்குத் தமிழ் தெருவெங்கும் கிடைக்கின்றது. வெளியில் இருப்பவர்க்கே அது கிடைக்காமற் போகும் தவிப்பு. தவிப்பு வேலை செய்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாக 'தமிழ் 99' விசைப்பலகை அமைந்தது. இது நம்மைப் போன்ற எழுத்தர்க்கென்றே அமைத்தது போன்றது. 247 எழுத்துக்கு 247 விசை வேண்டா. உயிர் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம், மெய்களிற் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். ககரத்தை அடுத்து ஆகாரத்தைத் தட்டினால் 'கா'. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. முதல் மகரத்திற்குப் புள்ளியைப் பொறி தானே இட்டுக்கொள்ளும். இலக்கணம் அறிந்த பொறி! உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று நம் ஆசிரியர் பிரம்போடு கற்பித்ததைப் பிள்ளைகள் இங்கு விரலால் கற்கின்றனர். 2005 பொங்கலில் 'செல்லினம்' வந்தது முதல் கைப்பேசியிலும் தமிழ் எழுதலாம். இன்று விற்கும் கைப்பேசிகளில் தமிழ் விசைப்பலகைக்குத் தனியே காசு கொடுக்க வேண்டியதில்லை. அமைப்புப் பகுதியில் ஒருமுறை தேர்ந்தெடுத்தால் போதும். நம் சங்கத்துக் குழுவிலேயே இருநூறு பேரில் எத்தனை பேர் அதனைத் தேர்ந்தெடுத்துள்ளோம் என்று எண்ணிப் பார்த்தோம். தொகையை இவ்வவையில் சொல்ல விருப்பமில்லை.

பிள்ளைகளைக் கடிந்து பயனில்லை. கேஸ்கர் கதை முன்பே கூறினோம். ஆகவே செயற்குழுவின் இசைவோடு ஓர் ஏற்பாடு செய்துள்ளோம். அடுத்த மாதம் முதல் ஞாயிறுதோறும் மாலை நான்கு முதல் ஐந்து வரை, சங்கக் கட்டடத்தின் பின்னறையில் தமிழ்த் தட்டச்சு வகுப்பு நடைபெறும். பழைய கணிப்பொறிகள் இரண்டு உள்ளன. மூன்றாவதற்குத் திரை இருக்கின்றது, விசைப்பலகை இல்லை, மிகுதியாக வைத்திருப்போர் தந்துதவலாம். கைப்பேசியோடு வருவோரும் வரலாம், வயது வரம்பில்லை. எழுத்தே அறியாத பிள்ளைகளுக்கு நம் சங்கத்துத் தாய்மார் இருவர் முதல் அரைமணி எழுத்தறிவிப்பர். பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளைகள் விரும்பினால் அழைத்து வருக. கன்னட விசைப்பலகையும் அதே பொறியில் இருக்கின்றது. ஒவ்வொருவரும் ஊரில் இருக்கும் தாத்தா அல்லது பாட்டியின் கைப்பேசி எண்ணைக் குறித்து எடுத்து வர வேண்டும். முதல் பாடம் அவர்க்கு ஒரு வரி எழுதுவதே.

பெயர் கொடுக்கும் குறிப்பேடு வாயிலருகே பொருளாளர் மேசைமேல் உள்ளது.