தொழு உரமா, மூட்டை உரமா? தக்காளி வயலின் கணக்கு

(தக்காளி விவசாயிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் செம்மண்ணில் தக்காளி நடுகிற நம்மிடம் கடைக்காரர் மூட்டையைக் காட்டுகிறார். மேடைக்கு வருகிறவர் மூட்டையே விஷம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? நம்ம வயலைக் கேட்போம்.

யூரியா மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்து 20 கிலோவுக்கு மேல். ஒரு டன் மக்கிய தொழு உரத்தில் ஏறக்குறைய 5 கிலோதான். அதிலும் முதல் பயிருக்குக் கிடைப்பது கொஞ்சம், மீதி மெதுவா அடுத்த பயிர்களுக்கு. அப்போ மூட்டைதானே லாபம் என்பீர்கள். நாமும் இத்தனை வருஷம் அந்தக் கணக்கைத்தான் போட்டோம்.

விட்டுப்போனது மண்ணின் கணக்கு. நம்மூர் வெயிலில் மக்கு சீக்கிரம் கரைந்துவிடும். குளிர்நாட்டு மண்ணில் நிற்கிற மாதிரி இங்கே நிற்காது. மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் 0.5 சதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று எழுதித் தருகிறார்கள். மக்கு இல்லாத செம்மண் தண்ணீரையும் பிடிக்காது, சத்தையும் பிடிக்காது. போட்ட யூரியாவில் ஒரு பங்கு காற்றோடு, ஒரு பங்கு தண்ணீரோடு கீழே போகிறது. நாம் இன்னொரு கை போடுகிறோம். செடி கருகருன்னு தழைக்குது, பூ உதிருது, காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுது. அது நோய் இல்லைங்க. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராத கோளாறு. தண்ணீர் ஒழுங்கில்லாமல் பாய்ந்தாலும், தழைச்சத்து மிஞ்சினாலும் கூடும். அதுக்கும் நாம் பூச்சி மருந்து வாங்கி அடிக்கிறோம்!

அதுக்காக மூட்டையை இன்றைக்கே தூக்கிப்போடு என்று சொல்ல வரவில்லை. 2021 இல் இலங்கை அரசு ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. நெல்லும் தேயிலையும் அடிபட்டன. அந்த வருஷமே தடையை விலக்க வேண்டியதாச்சு. அடி வாங்கியவர் சிறு விவசாயி.

ரெண்டும் வேணும். ரகத் தக்காளிக்கு எக்டேருக்கு 25 டன் தொழு உரம், அதோடு தழை, மணி, சாம்பல் சத்து என்பதுதான் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்கு 10 டன்! யார் வீட்டுக் குப்பைக்குழியில் இருக்கு 10 டன்? டிராக்டர் வந்தது, மாடு போச்சு. இருக்கிறதை வைத்துத்தான் தொடங்கணும். ஆட்டுக்கிடை கட்டலாம். தக்கைப்பூண்டு, சணப்பு விதைத்துப் பூக்கிற சமயத்தில் மடக்கி உழலாம். பச்சைச் சாணியை மட்டும் அப்படியே கொட்டாதீங்க, கரையானும் வேர்ப்புழுவும் வரும். யூரியாவைப் பிரித்துப் பிரித்து, ஈரம் பார்த்து, மண் மூடிப் போடுங்க.

இனி அரசாங்கத்தின் கணக்கு. 2010 ஏப்ரலில் மணி, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். அதுக்கு முன்னே 50 கிலோ பொட்டாஷ் சுமார் 223 ரூபாய், டி.ஏ.பி. சுமார் 468. 2022 இல் டி.ஏ.பி. 1,350 ஆச்சு, பொட்டாஷ் 1,500ஐத் தாண்டியது. யூரியா மட்டும் மலிவு. தக்காளி அதிகம் உறிஞ்சுவது சாம்பல்சத்தை. நாம் கையில் இருக்கிற காசுக்கு யூரியாவைக் கொட்டுகிறோம். இது நம்ம பேராசையா, அவர்கள் போட்ட விலையா? யூரியா கேட்டால் வேண்டாத டப்பாவையும் சேர்த்துத் தலையில் கட்டுகிற கடையும் உண்டு, நம்மில் பலர் வாங்கி வந்திருக்கிறோம்.

2023 இல் சாண எரிவாயு ஆலைகளில் மிஞ்சும் இயற்கை உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி அறிவித்தார்கள். நம்ம குழியில் மக்குகிற உரமும் உரம்தானே? அதே 1,500ஐ அதைப் போடுகிற விவசாயிக்கும் கொடு. பொட்டாஷ் விலையைக் குறை. இணைப்பு விற்பனையைத் தடுத்து நிறுத்து. மண் பரிசோதனை வண்டியை நடவுக்கு முன்னே ஊருக்கு அனுப்பு.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வட்டாட்சியர் அலுவலகம் முன்பு கூடுகிறோம். மண் பரிசோதனைச் சீட்டும், உரம் வாங்கிய ரசீதும் எடுத்து வாங்க. ரசீது தராத கடை என்றால் வாங்கிய தேதியையும் விலையையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாங்க.