கல்லுக்குள் இருக்கும் புகை

(தொழிலாளர் படிப்பு வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



ஆலைப் புகைபோக்கியைப் பார்த்தால், அது நிலக்கரிப் புகை என்றே நினைப்போம். சிமிண்டு ஆலையின் கதை வேறு. அங்கே கிளம்பும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் கல்லிலிருந்தே வருகிறது. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ வாயுவாகப் போய்விடும். காளவாயில் பாடுபட்டவர்களுக்கு, வெந்த கல் எடை குறைவது தெரியும். மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7, 8 பங்கு சிமிண்டுத் தொழிலுடையது.

இந்த வாயு பெருகினால் உலகம் சூடேறும். அந்தச் சூடு முதலில் யாரைத் தாக்கும்? வெயிலில் நாற்று நடுபவளையும், பஞ்சாலையில் வெந்து சாகிறவனையும் அல்லவா!

அப்படியானால் நமக்குக் கல்வீடு வேண்டாமா? வேண்டாம் என்று சொல்ல எவனுக்கும் உரிமையில்லை. ஒழுகும் குடிசையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருப்பது நாம்தான். சிமிண்டில் புகையைக் குறைத்து, வீடுகளைப் பெருக்குவது எப்படி? அதுதான் கேள்வி.

கியூபாவைப் பாருங்கள். 1991ல் சோவியத் யூனியன் கலைந்தபின் அங்கே எண்ணெய்க்கும் சிமிண்டுக்கும் பஞ்சம் வந்தது. சாந்தா கிளாரா சர்வகலாசாலை விஞ்ஞானிகள் கரும்புக் கழிவின் சாம்பலைச் சுண்ணாம்புடன் சேர்த்து ஆராய்ந்தார்கள். பின்னர் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகளும், டில்லி, சென்னை ஐ.ஐ.டி.க்களும் கூடி உழைத்தன. விளைந்தது ஒரு புதுச் சிமிண்டு.

அதன் கலவை இது: 100 பங்கில் வழக்கமான கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் தூள் 15, ஜிப்சம் 5. கிளிங்கருக்கு 1,450 டிகிரி சூடு வேண்டும். களிமண்ணுக்கு 800 டிகிரி அளவே போதும். கல்லில் ஒரு பகுதியைச் சுடாமலே சேர்ப்பதால் வாயுவும் குறையும். சேமிப்பு நூற்றுக்கு 30 முதல் 40 வரை. 2013ல் கியூபாவின் சிகுவானி ஆலையில் இதைத் தயாரித்து, அதைக்கொண்டு ஹாலோ பிளாக் கற்களும் அறுத்தார்கள். 2023ல் நமது நாட்டிலும் இதற்குத் தரவிதி வகுக்கப்பட்டது.

இது நமக்குப் புதிதா? இல்லை. 1895ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தால் கட்டியது. சுர்க்கி என்றால் சுட்ட மண்ணின் தூள்தானே! அதை இடித்தவர்கள் நம்மைப் போன்ற கூலிகளே.

ஒரு எச்சரிக்கை. எல்லா மண்ணும் இதற்கு ஆகாது. வெண்களி போதிய அளவு கலந்த மண் வேண்டும். சோதிக்காத கலவையில் அறுத்த கல் தலைமேல் விழும்.

ஆகவே தோழர்களே, மூன்று கேள்விகள் கேளுங்கள். கல்லைச் சோதித்தார்களா? களிமண் தூசியிலிருந்து தொழிலாளியின் நுரையீரலைக் காக்க ஏற்பாடு உண்டா? செலவு குறைந்தால், அந்த லாபம் வீடில்லாதவனுக்கு வருமா, முதலாளியின் பெட்டிக்குப் போகுமா? முதலிரண்டுக்கும் விஞ்ஞானம் வழி சொல்லும். மூன்றாவதற்கு நம் ஒற்றுமைதான் பதில் சொல்ல வேண்டும்.