சட்டைப் பையிலே ஓர் இராதாரிச் சீட்டு!

(வாலாஜாபாத் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத தோழர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

இந்த ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு திண்ணையிலோ, தேநீர்க் கடையிலோ, தறியருகிலோ அமர்ந்து படிக்கும் அருமைத் தோழனே!

அன்று வாலாஜாபாத்துக்கு நான் சற்று நேரங்கழித்துத்தான் வந்து சேர்ந்தேன். பேச்சாளன் நேரங்கழித்து வருவது நமக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் ஒலிபெருக்கி முன் நிற்கும் தோழர், "இதோ வந்துகொண்டே இருக்கிறார், ஊர் எல்லையை நெருங்கிவிட்டார்" என்று அறிவித்துக்கொண்டே இருப்பார். பேச்சாளரோ அப்போதுதான் தாம்பரத்திலே தேநீர் அருந்திக்கொண்டிருப்பார்! கூட்டமும் நம்பும், காத்திருக்கும். அன்றைக்கு அந்தப் பாச்சா பலிக்கவில்லை. "இருக்குமிடத்தை அனுப்புங்கள்" என்றார் ஒன்றியத் தோழர். கைபேசியில் அனுப்பினேன். அதன் பிறகு நான் எந்தச் சாலையில் வருகிறேன், எங்கே நிற்கிறேன், இன்னும் எத்தனை மணித்துளியில் வருவேன் என்பதெல்லாம் அவருடைய உள்ளங்கையிலே தெரிந்தது. "அண்ணே, தேநீர் நன்றாக இருந்ததா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாலையைப் போட்டார்!

சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு சிந்தித்தேன். நானாக அனுப்பினேன், அவர் கண்டார். நான் அனுப்பாமலேயே காண்பவர் யார்? எதற்காகக் காண்கிறார்? கண்டதை எங்கே எழுதி வைக்கிறார்? எத்தனை நாளைக்கு வைத்திருக்கிறார்? இந்தக் கேள்விகளைத்தான் அன்று மேடையிலே வைத்தேன். இன்று உன் முன்னால் வைக்கிறேன்.

முதலில், இது நடப்பது எப்படி? அறியாமல் அஞ்சுவது மூடத்தனம். அறிந்து எச்சரிக்கை கொள்வது பகுத்தறிவு. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலே அமெரிக்க இராணுவம் சுற்ற விட்டிருக்கும் செயற்கைக் கோள்கள் உள்ளன. அவற்றுள் முதலாவது 1978ஆம் ஆண்டு பறந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரையில், பொதுமக்களுக்குக் கிடைத்த கணக்கிலே வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தார்கள். அதன் பிறகே அது நீங்கியது. "வானத்திலிருந்து கோள் நம்மைப் பார்க்கிறதாம்" என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை தோழனே! கோள் என்பது ஒரு மணிக்கூண்டு. அது நேரத்தையும் தன் இருப்பையும் இடைவிடாமல் அறிவிக்கிறது, அவ்வளவே. நான்கு மணிக்கூண்டுகளின் ஓசை எவ்வளவு தாமதித்து வருகிறது என்று கணக்கிட்டு, "நான் இருப்பது இங்கே" என்று கண்டுகொள்வது உன் கைபேசிதான். மணியோசையைக் கேட்டவன் யார் என்று மணிக்கூண்டுக்குத் தெரியுமா? தெரியாது. ஆகவே காட்டிக்கொடுப்பது வானம் அல்ல. கையிலே நாம் வைத்திருக்கும் கருவிக்குள் குடியேறியிருக்கும் செயலி!

"என்னிடம் இருப்பது பழைய பொத்தான் கைபேசிதானே" என்று மகிழ வேண்டாம். உன்னை யாரேனும் அழைத்தால், எந்தக் கோபுரத்தின் வழியாக மணியடிப்பது என்று நிறுவனத்துக்குத் தெரிந்தாக வேண்டும். ஆகையால் ஒவ்வொரு கைபேசியும் அருகிலுள்ள கோபுரத்திடம், "இங்கே இருக்கிறேன்" என்று அடிக்கடி வருகைப் பதிவு செய்துகொண்டே இருக்கிறது. நகரத்திலே கோபுரங்கள் நெருக்கம். இடம் சில நூறு மீட்டருக்குள் தெரியும். சிற்றூரிலே சில கிலோமீட்டருக்குள் தெரியும். காஞ்சி வட்டாரத்து நெசவாளத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடம் என்பது பாவு. நேரம் என்பது ஊடை. இரண்டும் சேர்ந்தால் துணி. எந்த வீட்டுக்குப் போனாய், எந்த மருத்துவமனைப் படியேறினாய், எந்தக் கட்சி அலுவலகத்திலே எத்தனை மணி வரை இருந்தாய், யாருடைய கைபேசி உன் கைபேசிக்கு அருகிலே இருந்தது என்று ஒரு மனிதனின் வாழ்க்கையையே நெய்துவிடுகிறார்கள். நெய்தவன் விற்கிறான், உடுத்தியவனுக்கோ செய்தியே தெரியாது!

இந்தக் கருவியே தீது என்று சொல்ல வந்தவனா நான்? அல்ல, அல்ல. 108க்கு ஒரு தாய் பேறுகால வலியோடு அழைக்கிறாள். வண்டி வழிதவறாமல் வர வேண்டும். பேருந்து எங்கே வருகிறதென்று இரவிலே நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணுக்குத் தெரிய வேண்டும். களவுபோன கைபேசியை, அதன் 15 இலக்க அடையாள எண்ணைக் கொண்டு முடக்கவும் தேடவும் 2023 மே மாதம் முதல் நாடு முழுவதற்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒரு மாதச் சம்பளத்தைப் பறிகொடுத்த தொழிலாளிக்கு அது வாழ்வு. வரவேற்போம், வாழ்த்துவோம்.

ஆனால், தேட வேண்டிய நேரத்திலே தேடினார்களா? 2017 நவம்பர் 30ஆம் நாளை நினைத்துப் பார். ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கடைந்தது. ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கைபேசியின் அலை கரையிலிருந்து சில கல் தொலைவோடு நின்றுபோகும்; அதற்கப்பால் அந்தப் படகுகளின் குரலைக் கேட்க ஆளில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். "என் மகன் எங்கே? என் கணவன் எங்கே?" என்று கரையிலே நின்று கதறிய தாய்மார்களுக்குச் சொல்ல, ஆட்சிப் பீடத்திடம் ஒரு புள்ளிகூட இல்லை, வரைபடத்திலே வைப்பதற்கு!

கோள் இல்லையா நம்மிடம்? இருந்தது! இருக்குமிடம் காட்டுவதற்கென்றே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2013 ஜூலையில் முதற்கோளையும் 2016 ஏப்ரலில் ஏழாவது கோளையும் சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவியது. நாவிக் என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். நாவிகன் என்றால் மாலுமி. வானத்திலே மாலுமியின் பெயர் மின்னிற்று. கடலிலே மாலுமி மூழ்கினான்! பெயர் சூட்டியவர்கள் படகுக்கு ஒரு கருவியைப் பூட்டுவதற்குப் புயல் வந்து புத்தி சொல்ல வேண்டியிருந்தது. ஒரு லட்சம் படகுகளுக்குக் கருவி என்று ஒன்றிய அரசு விழா எடுத்தது 2024 ஆகஸ்டிலே.

கடலிலே தொலைந்தவனைக் காண இத்தனை தயக்கம் காட்டிய கண், கரையிலே உழைப்பவனைக் காண எவ்வளவு துடிக்கிறது பார்! நூறு நாள் வேலைத் திட்டத்திலே 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து, வேலையிடத்திலே நாளொன்றுக்கு இரண்டு முறை, இடமும் நேரமும் பொறித்த படம் எடுத்துச் செயலியிலே ஏற்ற வேண்டும் என்று கட்டளை பிறந்தது. கிழவி ஏரியைத் தூர் வாரினாள், மண்ணைச் சுமந்தாள், வியர்வை சிந்தினாள். ஆனால் அலை கிடைக்கவில்லை, படம் ஏறவில்லை என்றால், அவள் உழைத்ததற்குச் சான்று இல்லை! மண் சாட்சி, ஏரி சாட்சி, ஊரே சாட்சி. இவை செல்லாதாம், செயலி சாட்சிதான் செல்லுமாம்! கோடியைச் சுருட்டியவனுக்கு இப்படி நாளுக்கு இரண்டு முறை படம் எடுக்கச் சட்டம் வந்ததா? கூலிக்காரியைத்தானே குறி வைத்தது?

தோழனே! ஏழையின் கால்தடத்தைப் பதிவேட்டிலே பூட்டும் வேலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1871இல் வெள்ளையர் குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றினர். 1911இல் அது சென்னை மாகாணத்திற்கு வந்தது. பிறந்த குலமே குற்றமாயிற்று. ஆண்கள் பெயரைப் பதிந்து கைரேகை வைக்க வேண்டும். இரவிலே காவல் நிலையத்திலே வந்து காட்சி தர வேண்டும். ஊரைவிட்டு ஊர் போனால் கையிலே இராதாரிச் சீட்டு இருக்க வேண்டும். அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3ஆம் நாள் மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரிலே கள்ளர் குடி மக்கள் எழுந்தனர்; துப்பாக்கி பேசிற்று; மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்திலே 1947இலும் நாடு முழுவதும் 1952இலும்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது.

நாடகம் எழுதிப் பழகியவன் நான். ஆகவே கற்பனையாக ஒரு காட்சி.

காவலர்: எங்கேயடா போகிறாய்?
உழவன்: சந்தைக்குச் சாமி, மாடு வாங்க.
காவலர்: சீட்டு எங்கே?
உழவன்: மடியிலே இருக்கிறது சாமி.
காவலர்: சீட்டில்லாமல் ஓரடி வைத்தாலும் சிறை. தெரியுமல்லவா?
உழவன்: தெரியும் சாமி. அந்தக் கவலையிலே மாடு வாங்குவதையே மறந்துவிட்டேன்!

அந்த உழவனுக்குத் தன் மடியிலே சீட்டு இருப்பது தெரியும். அதைத் தன்மேல் சுமத்தியவன் யாரென்று தெரியும். அதனாலே எதிர்த்தான். நமக்கோ? சட்டைப் பையிலே சீட்டு இருக்கிறது. அதற்கு நாமே விலை கொடுத்தோம். நாமே இரவெல்லாம் மின்னூட்டுகிறோம். தலைமாட்டிலே வைத்துத் தூங்குகிறோம்!

"குற்றம் செய்யாதவன் ஏன் அஞ்ச வேண்டும்?" என்று கேட்பார்கள். கேட்பவரைத் திரும்பக் கேள்: ஐயா, உம் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? உள்ளே கொலையா நடக்கிறது? 2013ஆம் ஆண்டு, மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜெட்லி அவர்களுடைய அழைப்பு விவரங்களையே சட்டத்திற்குப் புறம்பாகப் பெற முயன்றார்கள். தில்லிக் காவலர் ஒருவரே கைதானார். அவருடைய கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. ஆயினும் அன்று நடந்தது தவறு என்றே சொல்வோம். தில்லியிலே அத்தனை உயர்ந்த நாற்காலியில் இருந்தவருக்கே அந்தக் கதி என்றால், வாலாஜாபாத் கிளைச் செயலாளருக்கு என்ன பாதுகாப்பு?

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கிலே உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2024 ஜூலை 8 அன்று, பிராங்க் வைட்டஸ் வழக்கிலே, பிணையில் விடப்பட்டவர் தம் இருக்குமிடத்தைக் கைபேசியில் காவலர்க்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்றது அதே நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டவருக்கே இந்த உரிமை உண்டு என்றால், குற்றமே சாட்டப்படாத குடிமகனுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்! அமெரிக்க நாட்டிலும் 2018இல், கார்ப்பெண்டர் என்பவருடைய 127 நாள் நடமாட்டத்தை, 12,898 புள்ளிகளாக, நீதிமன்ற ஆணையாகிய வாரண்டு இல்லாமல் எடுத்தது தவறு என்று தீர்ப்பாயிற்று. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம்.

நீதிமன்றம் கதவைத் திறக்கிறது. நாடாளுமன்றமோ சன்னல் வழியே வேறொன்றை நுழைக்கிறது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார். தனியார் நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடு. ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கோ, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற பெயரால் விலக்கு! வேலிக்குச் சட்டம் போட்டார்கள். வேலியே மேய்ந்தால் கேட்கச் சட்டம் இல்லை. ஆனால் மக்கள் குரல் எழுந்தால் மாளிகை அசையும் என்பதற்கும் சான்று உண்டு. 2025 நவம்பர் இறுதியில், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புதிய கைபேசியிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே பதித்தாக வேண்டும் என்று ஆணையிட்டார்கள். எதிர்ப்பு எழுந்தது, நாடாளுமன்றம் அதிர்ந்தது, டிசம்பர் 3ஆம் நாள் ஆணை திரும்பிச் சென்றது. ஒரு வாரம்கூட ஆகவில்லை!

கடைசியாக ஒன்று. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். நாமும் வீடு வீடாகச் செல்கிறோம், பெயர் கேட்கிறோம், கைபேசி எண் கேட்கிறோம், செயலியிலே ஏற்றுகிறோம். அந்த ஏடு யார் கையிலே இருக்கிறது? தேர்தல் முடிந்த பிறகு அது என்னவாகிறது? வாக்காளர் வீட்டைத் தட்டும் உரிமை நமக்கு உண்டு. அவர் வாழ்க்கையை எட்டிப் பார்க்கும் உரிமை இல்லை. மேடையிலே இதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த நிர்வாகிகள் சிலர் கைதட்டவில்லை. பரவாயில்லை. தட்டாத கைகள் சிந்திக்கட்டும்!

ஆகவே தோழனே, கோரிக்கை மூன்று. ஒருவர் இருக்குமிடத்தை அறிய வேண்டுமானால், காவல்துறை நீதிமன்றத்தின் முன்னனுமதி பெறட்டும். உயிர் காக்கும் அவசரத்தில் மட்டும் விலக்கு, அதற்கும் பின்னர்க் கணக்கு. உழைத்தவன் கூலியை அலை இல்லை என்ற காரணத்தால் வெட்டக் கூடாது. எடுத்த பதிவை எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதைச் சட்டத்திலே எழுத வேண்டும். அந்தச் சட்டம் அரசையும் கட்ட வேண்டும், கட்சிகளையும் கட்ட வேண்டும்.

அதுவரை நீ செய்யக்கூடியது ஒன்றுண்டு. இந்த ஏட்டை மடித்து வைத்துவிட்டு, கைபேசியை எடு. எந்தெந்தச் செயலிக்கு உன் இருப்பிடத்தை அறிய இசைவு தந்திருக்கிறாய் என்று பார். தேவையற்றதை நிறுத்து. பிறகு உன் வீட்டுப் பெண்ணுடைய கைபேசியை எடுத்துப் பார்க்காதே. பார்க்கும் வழியை அவளுக்குச் சொல்லிக் கொடு. அவள் எங்கே போகிறாள் என்று கண்காணிக்கும் கணவன், ஆட்சியின் கண்காணிப்பை எதிர்க்கும் தகுதியை இழந்தவன்.

தொலைந்தவனைத் தேடு என்கிறோம். தொலையாதவனைத் தொடராதே என்கிறோம். சிக்கலான தத்துவம் ஒன்றுமில்லை. சந்தைக்குப் போகும் உழவன் மாட்டைப் பற்றி எண்ணிக்கொண்டே நடக்கட்டும். மடியிலே கைவைத்துச் சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே நடக்கும் காலம் மீண்டும் வர வேண்டாம்.