சைக்கிள் ஹப்பில் ஒரு பிளேடு தராசு

(புதுக்கோட்டை மாவட்ட உழவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



இன்று நான் விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ பேசப்போவதில்லை. பிரஷ் கட்டர் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்தப் புல்வெட்டும் இயந்திரத்தின் முனையில் சுற்றுகிற ஒரே ஓர் இரும்புத் தகட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நமது மாவட்டத்துத் தென்னையையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போனது. மரம் சாய்ந்து வெயில் விழுந்த இடமெல்லாம் புதர் மண்டிற்று. களை எடுக்க ஆள் கிடைப்பதும் அரிதாகி வருகிறது. இந்த இயந்திரம் இல்லாத தோப்பு இன்று குறைவு. சொந்தமாக இல்லாதவர்கள் வாடகைக்கு ஆள் வைத்து வெட்டுகிறார்கள். அந்த ஆளின் கைகளுக்காகவும்தான் இந்தப் பேச்சு.

ஆலங்குடிப் பக்கம் ஒரு தோப்பில் நடந்ததைச் சொல்கிறேன். வெட்டுவதற்கு வந்த இளைஞர் ஒருவர், "அண்ணே, மிஷினை இறக்கி வைத்து ஒரு மணி நேரம் ஆனாலும் விரலில் உணர்ச்சி வரமாட்டேன் என்கிறது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை" என்றார். தோப்புக்காரர் என்னை அழைத்துக் காட்டினார். நான் எஞ்சினைத்தான் சந்தேகப்பட்டேன். கார்புரேட்டரைக் கழுவினேன். பிளக்கை மாற்றினேன். கைப்பிடியின் ரப்பர் புஷ்ஷையும் மாற்றச் சொன்னேன். செலவு ஆனதே தவிர ஆட்டம் நிற்கவில்லை. பிறகு பிளேடைக் கழற்றி எஞ்சினை ஓட்டிப் பார்த்தால், கையில் ஆட்டமே இல்லை! குற்றம் பிளேடில். நான்கைந்து தடவை சாணை பிடித்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்துப் பிடித்ததால் ஒரு முனை அதிகமாகத் தேய்ந்து, மறுமுனை கனமாக நின்றது. முதலில் பார்த்திருக்கவேண்டியதை நான் கடைசியில் பார்த்தேன்.

எவ்வளவு கனம் என்று கேட்பீர்கள். மூன்று கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள பிளேடில் கட்டைவிரல் நகம் அளவு துண்டை வெட்டி எடுத்தால் இரண்டு முதல் மூன்று கிராம் இருக்கும். நம் வயல் கணக்கில் ஏழெட்டு நிலக்கடலைப் பருப்பு. இது என்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் பத்து அங்குல பிளேடின் முனையில், மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி அந்த மூன்று கிராம் உட்கார்ந்திருக்கிறது. பிளேடு நிமிடத்திற்கு 6000 சுற்று சுற்றுகிறது. கவணில் கல்லைச் சுழற்றும்போது கல் கையை வெளியே இழுக்கிறதல்லவா? அதேபோல் இந்த மூன்று கிராம் அச்சை வெளிப்புறமாக இழுக்கும் விசை சுமார் 14 கிலோ எடைக்குச் சமம். அதுவும் ஒரே பக்கமாக அன்று. பிளேடு சுற்றும் திசைக்கெல்லாம் மாறி மாறி, நொடிக்கு நூறு தடவை இழுக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஆக்சிலேட்டரைக் குறைத்தால் ஆட்டம் சட்டென அடங்குவது இதனால்தான். அதைப் பார்த்துத்தான் பலர், நான் உட்பட, எஞ்சினைக் குறை சொல்கிறோம்.

இந்த இழுப்பை முதலில் வாங்கிக்கொள்வது கியர் பெட்டியின் பேரிங். அடுத்து நீண்ட குழாய்க்குள் ஓடும் தண்டு, பிறகு திருகாணிகள், கடைசியாக மனிதனின் கை. பேரிங்கைக் காசு கொடுத்து மாற்றிவிடலாம். கை அப்படியன்று. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் பெட்போர்ட் என்ற ஊரில், காற்றழுத்தச் சுத்தியல் பிடித்துச் சுண்ணாம்புக்கல் செதுக்கிய தொழிலாளர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் என்ற அம்மையார் 1918ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார். விடாமல் அதிரும் கருவியைப் பல மாதங்கள், ஆண்டுகள் பிடித்தால் விரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெடுகின்றன. முதலில் வேலை முடிந்ததும் சிறிது நேரம் மரத்துப்போகும். பிறகு குளிர்ந்த வேளையில் விரல் நுனி வெளுக்கும். முற்றிவிட்டால் முழுதாகத் திரும்புவதில்லை. கல் குவாரிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் இதைத் தனியே விளக்கவேண்டியதில்லை. குவாரியில் துளை போட்டவர்களைக் கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

ஆகவே சாணை பிடித்தால் மட்டும் போதாது, பிளேடைச் சமன்செய்யவும் வேண்டும். சுவரில் ஓர் ஆணி அடித்து அதில் பிளேடை மாட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். சிறிய துளையுள்ள பிளேடுக்கு அது ஓரளவு சரி. பிரஷ் கட்டர் பிளேடின் துளையோ ஓர் அங்குலம். மெல்லிய ஆணியில் அது மையம் தவறித் தொங்கும். உராய்வும் அதிகம். இதற்கென்றே விற்கும் கருவிகள் உண்டு. ஆனால் நமக்கு அது தேவையில்லை. வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கும் பழைய சைக்கிளின் முன்சக்கர ஹப் போதும்.

புதுக்கோட்டையில் பழைய சைக்கிளுக்குப் பஞ்சமா? 1991-92இல் அறிவொளி இயக்கத்தின்போது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது நாடறிந்த செய்தி. அந்தத் தலைமுறைச் சைக்கிள்கள் பல இன்று எடைக்குப் போகின்றன. போவதற்கு முன் முன்சக்கர ஹப்பை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹப்பைப் பிரித்து, குண்டுகளையும் கோன்களையும் மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவுங்கள். பழைய கிரீஸ் துளியும் இருக்கக்கூடாது. தேய்ந்த குண்டுகளை மாற்றிவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது கிரீஸ் போடாமல் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு மட்டும் விடுங்கள். சக்கரத்துக்கு நல்லதான கிரீஸ் தராசுக்கு எதிரி. அச்சை ஒரு பக்கமாகத் தள்ளிப் பூட்டி, வேலை செய்யும் பக்கத்தில் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் வெளியே நீட்டி நிற்கும்படி செய்யவேண்டும். கோனை மிக இறுக்கினால் அச்சு மந்தமாகும், மிகத் தளர்த்தினால் ஆடும். விரலால் தட்டினால் தானாகச் சுற்றி மெதுவாக நிற்கவேண்டும். அந்த நிலையில் கோனுக்கு வெளியே ஒரு நட்டு வைத்துப் பூட்டிவிடுங்கள்.

சைக்கிளில் அச்சு நிற்கும், ஹப் சுற்றும். நமக்கு அது தலைகீழ். ஹப்பின் உடல் நிற்கவேண்டும், அச்சு சுற்றவேண்டும். ஒரு மரக்கட்டையில் ஹப் உட்காரும் அளவுக்குப் பள்ளம் செதுக்கி, ஆரக்கம்பித் துளைகளின் வழியாகக் கட்டுக்கம்பி விட்டு முறுக்கிக் கட்டுங்கள். கட்டையைக் கொட்டகைத் தூணிலோ மேசை ஓரத்திலோ, பிளேடு எதிலும் இடிக்காத உயரத்தில் அறைந்துவிடலாம். அச்சு மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள்.

இனி முக்கியமான உறுப்பு. பிளேடின் துளை ஓர் அங்குலம், அச்சின் குறுக்களவு அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு. இடைவெளியை நிரப்ப, பம்பரத்தைப் போன்ற ஒரு கூம்பு வேண்டும். லேத் பட்டறையில் நைலான் கட்டையில் கடைந்து வாங்குவது மேல். நன்கு காய்ந்த வேப்பங்கட்டையும் ஆகும். பருத்த முனை 35 மி.மீ., சிறுத்த முனை 15 மி.மீ., நீளம் 20 மி.மீ. நடுவே அச்சு ஆட்டமில்லாமல் நுழையும் துளை. துளையையும் கூம்பையும் லேத்தில் ஒரே பிடியில் கடையச் சொல்லுங்கள். கழற்றி மாட்டிக் கடைந்தால் மையம் விலகிவிடும். கூம்பாக இருப்பதால் 20 மி.மீ. துளையுள்ள பிளேடும் அதே கட்டையில் உட்காரும். பருத்த முனை ஹப் பக்கம் இருக்கட்டும். பிளேடை மாட்டி, அதன்மேல் 40 மி.மீ. பிவிசி குழாயிலிருந்து நேராக அறுத்த அரை அங்குல வளையத்தை வைத்து, ஒரு பெரிய வாஷர், பிறகு நட்டு. கையால் இறுக்கினால் போதும்.

தராசு சரியா என்று பார்க்க எடைக்கல் வேண்டாமா? அதற்குத்தான் நிலக்கடலை. நூறு பருப்பின் எடை இரகத்தைப் பொறுத்து 35 முதல் 50 கிராம் வரை. ஆக ஒரு பருப்பு அரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. பிளேடு படுக்கை நிலையில் நிற்கும்போது ஒரு முனையில் ஒரே ஒரு பருப்பைத் துளி மெழுகால் ஒட்டுங்கள். அந்த முனை தாழ்ந்தால் தராசு நல்ல தராசு. இரண்டு பருப்புக்குத் தாழ்ந்தாலும் குற்றமில்லை. ஐந்து பருப்பு வைத்தும் அசையவில்லை என்றால் ஹப்பை மறுபடி கழுவுங்கள்.

சமன்பார்க்கும் முன் பிளேடில் காய்ந்த மண்ணையும் புல்சாற்றையும் சுரண்டிக் கழுவவேண்டும். மண்ணைச் சேர்த்து எடை பார்த்துவிட்டு இரும்பைத் தேய்ப்பதில் பொருளில்லை. இரண்டு முனை பிளேடானால் படுக்கையாகப் பிடித்து விடுங்கள். கனமான பக்கம் கீழே இறங்கும். மூன்று முனையோ, வட்ட பிளேடோ ஆனால் மெதுவாகத் தட்டிச் சுற்றவிட்டு, நிற்கும்போது அடியில் இருக்கும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிடுங்கள். ஐந்தாறு தடவையும் அதே இடம் அடியில் வந்தால் அதுதான் கனம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் பிளேடு சமமாக உள்ளது.

இங்கே ஓர் ஐயம் வரும். குற்றம் பிளேடிலா, கூம்பிலா? பிளேடைத் தளர்த்தி, கூம்பை அசைக்காமல், பிளேடை மட்டும் அரைச்சுற்று திருப்பி மாட்டிப் பாருங்கள். முன்பு தாழ்ந்த அதே முனை மீண்டும் தாழ்ந்தால் குற்றம் பிளேடில். மறுமுனை தாழ்ந்தால் கூம்பு கோணல். லேத்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் தேய்த்து, நல்ல பிளேடைக் கெடுத்தவர்கள் உண்டு.

கனமான முனையை எங்கே தேய்ப்பது? வெட்டும் விளிம்பில் அன்று. அதன் பின்புறத்தில், மையத்திலிருந்து தள்ளி, நுனிப் பக்கமாகத் தேய்க்கவேண்டும். அரமே போதும், பொறுமைதான் வேண்டும். கிரைண்டரில் வைத்தால் இரும்பு நீலநிறம் ஏறக்கூடாது. நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். இலேசான முனைக்கு இரும்பை வெல்டிங் வைத்துக் கனம் ஏற்றவே கூடாது. அந்தச் சூட்டில் இரும்பு உடையக்கூடியதாகி, 6000 சுற்றில் துண்டாகத் தெறிக்கும். ஒரு பருப்பின் எடைக்குள் வந்ததும் நிறுத்துங்கள். முனையில் ஒரு பருப்பின் வித்தியாசம் ஏறத்தாழ 2 கிலோ இழுப்பு. அதை இயந்திரமும் கையும் தாங்கும்.

தராசில் பிளேடு இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். கட்டையில் ஓர் ஆணியை அடித்து, அதன் நுனி பிளேடின் முனைக்கு நூலிடை தள்ளி நிற்கும்படி வளையுங்கள். மெல்லச் சுற்றினால் எல்லா முனைகளும் அதே இடைவெளியில் கடக்கவேண்டும். ஒன்று உரசி, ஒன்று விலகினால் பிளேடு வளைந்திருக்கிறது. கல்லில் அடிபட்ட பிளேடு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சுத்தியலால் தட்டி நிமிர்த்தாதீர்கள். வெட்டுப்பற்களின் அடிமூலையில் மயிரிழை விரிசல் கண்டாலும் அந்த பிளேடு முடிந்தது. முழுதாகப் பழைய இரும்பில் போடாமல் இரண்டாக அறுத்துப் போடுங்கள். யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

கழற்றும்போது கவனம். முதலில் பிளக்கின் தொப்பியைப் பிடுங்கிவிடுங்கள். பெரும்பாலான பிரஷ் கட்டர்களில் பிளேடு நட்டு இடப்புரி. கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் மற்றப் பக்கம் முறுக்கி மரையை அறுத்துவிட்டு, கம்பெனியைத் திட்டுகிறோம். வெட்டும்போது ஐம்பது அடிக்குள் வேறு யாரும், குறிப்பாகப் பிள்ளைகள், நிற்கக்கூடாது. இது பிளேடு சமமாக இருந்தாலும்தான்.

டிராக்டரில் பூட்டும் புதர்வெட்டிக்கும், மாட்டுத்தீவனம் நறுக்கும் இயந்திரத்துக்கும் இந்த ஹப் தாங்காது. அவற்றில் எதிரெதிர் கத்திகளைக் கழற்றி மளிகைக்கடைத் தராசில் எடை பாருங்கள். ஒன்றை மாற்றினால் எதிரே உள்ளதையும் சேர்த்து ஜோடியாக மாற்றுங்கள். நமது பிளேடு மெல்லிய தகடு என்பதால் இப்படி நிறுத்திவைத்துச் சமன்பார்ப்பதே போதுமானது. கார் சக்கரம்போல் அகலமானவற்றுக்குத்தான் ஓட்டிப் பார்க்கும் இயந்திரம் தேவை.

ஆலங்குடித் தோப்பின் பிளேடு என்னவாயிற்று என்று கேட்கிறீர்கள். தேய்த்துச் சமன்செய்தோம். மறுவாரம் அந்தத் தம்பி மாலையில் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக் காட்டினார். இப்போது அவர் வாடகைக்குப் போகும் தோப்பிலெல்லாம் முதலில் பிளேடைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை இழுக்கிறாராம்.

நான் செய்த தராசு இதோ மேசையில் இருக்கிறது. ஒரு கை கடலைப் பருப்பும் கொண்டுவந்திருக்கிறேன். பிளேடு கொண்டுவந்தவர்கள் முன்னே வாருங்கள். பருப்பை மட்டும் தின்றுவிடவேண்டாம், எண்ணி வைத்திருக்கிறேன்.