மந்த காலமும் மன ஊக்கமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

     

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்களும் ஆசிரியர்களும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, பாகாலா சந்திப்பில் பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னே அமர்ந்து காலம் கழிக்கும் எங்களைப் போன்றோர்க்கு இங்கே என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். "காலனியில் இணைய வழியே வாணிபம் செய்யும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. விற்பனை படுத்துவிடும் மாதங்களில் மனம் தளராதிருப்பது எப்படி என்று, பட்டவர்கள் வந்து பேசட்டும்" என்று செயலாளர் கட்டளையிட்டார். பட்டவர்கள் என்னும் தகுதி ஒன்றுதான் எங்களிடம் உண்டு. அதை வைத்துக்கொண்டே நிற்கிறோம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பயணிகள் வண்டிகள் அனைத்தும் நின்றன. காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் என மூன்று திசைக்கும் பாதை பிரியும் நம் நிலையத்தில், நடைமேடையில் நாய்கூடப் படுக்காத அமைதி நிலவிற்று. அந்தக் கோடையில் அடுத்துள்ள தாமலசெருவுச் சந்தையிலிருந்து இல்லத்தரசியார் இரண்டு கூடை மாங்காய் வாங்கி வந்து, ஆவக்காயும் தொக்கும் போட்டு, பெங்களூரிலும் பம்பாயிலும் இருக்கும் உறவினர்க்கு அனுப்பினார். தின்றவர்கள் தங்கள் நண்பர்களிடம் சொன்னார்கள். நண்பர்கள் விலைக்குக் கேட்டார்கள். இப்படித்தான் எங்கள் வீட்டு வாணிபம் பிறந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரயில்வே ஊழியர் தாமே வாணிபம் செய்தல் விதிக்கு மாறானது. குடும்பத்தார் செய்தால் அலுவலகத்திற்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவ்வாறே தெரிவித்தோம். உணவுப் பொருள் ஆதலால் உரிய பதிவும் அவர் பெயரிலேயே பெற்றோம். தொழில் அவருடையது. புட்டிக்குச் சீட்டு ஒட்டுவதும், பொட்டலம் கட்டுவதும், கணக்கு எழுதுவதும் ஓய்வு நேரத்தில் எங்கள் பங்கு.

முதல் இரண்டு ஆண்டுகள் காற்று எங்கள் பக்கம் வீசிற்று. வீட்டை விட்டு வெளியே போக அஞ்சியவர்கள் எல்லாவற்றையும் செல்பேசியிலேயே வாங்கினார்கள். மாதம் எண்பது பொட்டலம் வரை போயிற்று. இது நம் கைத்திறம் என்று எண்ணிக்கொண்டோம். பாதி கைத்திறம், பாதி ஊரடங்கு என்பது பின்னால்தான் தெரிந்தது. கடைகள் திறந்தன, மக்கள் வெளியே வந்தனர். எண்பது நாற்பதாயிற்று, நாற்பது பதினைந்தாயிற்று. 2023ஆம் ஆண்டுப் பொங்கலுக்குப் பின்னர், பதினொரு நாட்கள் ஒரு பொட்டலம்கூடப் போகவில்லை.

அந்தப் பதினொரு நாட்களை எப்படிச் சொல்வது? தெருவில் கடை வைத்தவர்க்குச் சரக்கு விற்காவிட்டாலும் போவோர் வருவோர் முகமேனும் தெரியும். இணையக் கடைக்கு அதுவும் இல்லை. செல்பேசி மணி அடித்தால் பாய்ந்து எடுப்போம்; கடன் தருவதாக யாரோ அழைத்திருப்பார்கள். சமையலறை மூலையில் அடுக்கிய புட்டிகளைப் பார்க்கக் கூசி, அவற்றின்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி வைத்தோம். வீட்டில் பேச்சுக் குறைந்தது. கல்லூரியில் சேரவிருந்த மகள் ஒருநாள், "விடுதிக் கட்டணம் அதிகமென்றால் இங்கேயே ஏதாவது படிக்கிறேன், அப்பா" என்றாள். அச்சொல் இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

அந்த நேரத்தில்தான் பெரும் பிழை ஒன்று செய்தோம். விற்பனை குறைந்தால் விளம்பரத்தைக் கூட்ட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நான்கு வளையல்களை அடகு வைத்து, அதில் பன்னிரண்டாயிரம் ரூபாயை இணைய விளம்பரத்தில் போட்டோம். பார்த்தவர்கள் பலர், வாங்கியவர்கள் மூவர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர். நாங்கள் அளக்காமலே போட்டோம்.

பணம் போன பிறகு புத்தி வந்தது. அது வந்த வழியைச் சொல்கிறோம். ஒருநாள் காலை, மதனப்பள்ளி சாலைப் பக்கம் செல்லும் பாதையில் 'பிளாக்' எடுத்திருந்தார்கள். இரயில்வே குடும்பத்தார்க்கு அதை விளக்க வேண்டியதில்லை, விருந்தினர்க்காகச் சொல்கிறோம். குறித்த சில மணி நேரத்திற்கு வண்டி எதுவும் அப்பாதையில் வராமல் நிறுத்தி வைப்பதையே அவ்வாறு சொல்வார்கள். கொளுத்தும் வெயிலில் பாதைப் பணியாளர்கள் கட்டைகளை மாற்றுகிறார்கள், சல்லியை இடித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள், தளர்ந்த பூட்டுகளை முடுக்குகிறார்கள். வண்டி ஓடும்போது பாதையில் கை வைக்க முடியுமோ? வண்டி வராத நேரம் அவர்களுக்கு ஓய்வு நேரம் அன்று. வேலை நேரம் அதுவே. இருபது ஆண்டுகளாகக் கண்ட காட்சிதான் எனினும், அன்றைக்குத்தான் அது எங்களைப் பார்த்துப் பேசிற்று. வீட்டிலே வண்டி நின்றுவிட்டதென்று அழுதுகொண்டிருக்கிறோமே, பாதையைப் பார்த்தோமா?

அன்றிரவே கணக்குப் புத்தகத்தை விரித்தோம். மூன்றாண்டுகளில் வாங்கியவர்கள் ஏறத்தாழ நானூறு பேர். அவர்களுள் இரண்டாம் முறை வாங்கியவர்கள் அறுபது பேர்கூட இல்லை. புதியவர்களைத் தேடிப் பன்னிரண்டாயிரம் ரூபாயைக் கொட்டிய நாங்கள், ஒருமுறை வந்துபோனவர் ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்க ஒரு ரூபாயும் செலவிடவில்லை! மறுநாள் முதல், நாளொன்றுக்கு ஐந்து பேர் என்று இல்லத்தரசியார் அழைத்துப் பேசத் தொடங்கினார். "வாங்குங்கள்" என்று சொல்லக் கூடாது, "எப்படி இருந்தது?" என்று மட்டுமே கேட்க வேண்டும் என்பது எங்களுக்குள் கட்டுப்பாடு.

வந்த விடைகள் கண்ணைத் திறந்தன. சுவையில் குறை சொன்னவர் மிகச் சிலரே. எண்ணெய் கசிந்து பொட்டலம் நனைந்து வந்தது என்றோர் பலர். நம்மவராயிற்றே என்று வாய் திறவாது இருந்துவிட்டார்கள். இருவர் மட்டுமே உள்ள வீட்டில் ஒரு கிலோ ஊறுகாயை என்ன செய்வது என்று கேட்டவர்கள் வேறு பலர். ஆக, மந்தம் காலத்தால் வந்தது பாதி. எங்கள் மூடியாலும் அளவாலும் வந்தது மீதி. மூடியை மாற்றினோம். உள்ளே ஓர் அடைப்புத் தாள் வைத்தோம். கால் கிலோப் புட்டி கொண்டு வந்தோம்.

அன்பர்களே, இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய கதை அன்று. சென்னை இராயபுரத்தில் பிறந்த முருகவேல் ஜானகிராமன், அமெரிக்காவில் வேலை பார்த்தபோது, கடல் கடந்த தமிழர்க்கென ஓர் இணையதளம் நடத்தினார். அதில் பலவும் இருந்தன. ஆனால் மக்கள் மிகுதியும் நாடி வந்தது மணமக்கள் பகுதியையே. பின்னர் அங்கே கணினித் தொழில் சரிந்து அவர் வேலை இழந்தார். அவ்வேளையில் அவர் இறுகப் பற்றியது, வாடிக்கையாளர் தாமே சுட்டிக்காட்டிய அந்த ஒரு பகுதியைத்தான். அதுவே பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்து, 2017இல் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

தஞ்சைத் தரணியில் பிறந்த ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனமும் இவ்வாறே. தொலைத்தொடர்புக் கருவி செய்வோர்க்கு மென்பொருள் விற்றுவந்தார்கள். 2001ஐ ஒட்டி அத்துறை வீழ்ந்தபோது வாடிக்கையாளர்களும் உடன் போயினர். அப்போது சோர்ந்து உட்காராமல், ஓய்ந்திருந்த கைகளைக் கொண்டு வேறு மென்பொருள்கள் செய்தார்கள். அம்முயற்சிகளின் தொடர்ச்சியாகவே 2005இல் ஸோஹோ வெளிவந்தது. 2009இல் நிறுவனமே அப்பெயரை ஏற்றது. அவர்களும் வண்டி வராத நேரத்தில் பாதை போட்டவர்களே.

உலகப் பெருங்கடையான அமேசானும் 1995இல் விற்பனையைத் தொடங்கி, முதல் முறையாக ஒரு காலாண்டில் இலாபம் காட்டியது 2001ஆம் ஆண்டின் கடைசியில்தான். ஆயினும் இவ்வுதாரணத்தை எச்சரிக்கையோடே சொல்கிறோம். அவர்களிடம் பிறர் போட்ட பெருமுதல் இருந்தது, ஆறாண்டுகள் தாங்கிற்று. நம்மிடம் இருப்பது நான்கு வளையல். பெரியோர் பொறுத்ததைப் பார்த்து நாமும் அளவின்றிப் பொறுக்கலாகாது.

அதனால்தான் பொறுமைக்கும் பிடிவாதத்திற்கும் நடுவே ஒரு கோடு கிழிக்க வேண்டும் என்கிறோம். அந்த ஆண்டு நாங்கள் கிழித்த கோடு இது: வாணிபத்திற்கு மேற்கொண்டு கடன் இல்லை, சம்பளப் பணம் அதில் கலப்பதில்லை, அடுத்த சித்திரைக்குள் செலவுக்கு வரவு ஈடாகாவிட்டால், கையிருப்பைக் காலனியில் பகிர்ந்து கொடுத்துவிட்டு, வெட்கமின்றிக் கடையை மூடுவது. இதை எழுதிச் சுவரில் ஒட்டினோம். வியப்பு என்னவெனில், மூடுவதற்கு ஒரு நாள் குறித்த பிறகுதான் மனத்தில் தெம்பு வந்தது. முடிவில்லாத இருட்டைத்தான் மனிதனால் தாங்க முடிவதில்லை.

இன்னொன்றும் செய்தோம். செல்பேசியை அடிக்கடி பார்ப்பதை நிறுத்தினோம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, அவ்வளவே. இடைப்பட்ட நேரத்திற்கு வேலைகளை வகுத்தோம். புட்டிகளைத் துடைத்தல், பழைய வாடிக்கையாளர் ஒருவர்க்கு நாலு வரி எழுதுதல், கணக்கை நாள்தோறும் முடித்தல். நிலையத்தில் வண்டி தாமதமானாலும் நாட்குறிப்பு எழுதப்படுகிறது, சைகை விளக்கு எரிகிறது அன்றோ? விற்பனை நம் கையில் இல்லை. அன்றைய வேலை நம் கையில் உண்டு. கைக்கு எட்டியதைச் செய்து முடித்த நாளில் தூக்கம் வந்தது.

பருவத்தின் மந்தம் வேறு, நோயின் மந்தம் வேறு என்பதையும் கணக்கே கற்றுத் தந்தது. மார்கழியில் ஊறுகாய் குறைவாகப் போவது ஆண்டுதோறும் உள்ளதே. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கோடையிலும் குறைந்தால்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். மூன்றாண்டுக் கணக்கை மாதவாரியாக எழுதி வைத்திராதவர்க்கு இவ்வேறுபாடு விளங்காது. வள்ளுவப் பெருந்தகை காலமறிதல் அதிகாரத்தில் காத்திருப்பதற்குக் கொக்கை உவமை சொன்னார். காலம் வாய்த்தபோது செயலில் இறங்கவும் அக்கொக்கின் குத்தையே காட்டினார். ஒரே பறவையின் இரு நிலைகள்! காத்திருப்பதும் கொக்கின் தொழிலே.

எனினும் காத்திருக்க முடிவதே ஒரு பேறு என்பதை 2025ஆம் ஆண்டுக் கோடையில் கண்ணாரக் கண்டோம். அவ்வாண்டு சித்தூர்ப் பகுதியில் கிளிமூக்கு மாங்காய் விலை வீழ்ந்தது. கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும், அரசு 4 ரூபாயும் தருவதென அறிவிக்கப்பட்டது. ஆலை வாயிலில் வண்டிகள் வரிசையாக நின்றன. வண்டியில் இருந்த காயோ நிற்கவில்லை, பழுத்தது, அழுகிற்று. உழவனுக்கு மந்த காலம் என்பது நாள் கணக்கு. உப்பும் காரமும் எண்ணெயும் சேர்ந்த எங்கள் சரக்கு ஓராண்டு பொறுக்கும். அவன் நிலையோடு ஒப்பிட்டால் எங்கள் பதினொரு நாட்கள் என்ன பெரிய துன்பம்? அன்று முதல், விலை விழுந்தது என்று உழவனிடம் பேரம் பேசுவதை இல்லத்தரசியார் விட்டுவிட்டார்.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெருஞ்செல்வர் ஆகிவிடவில்லை. குறித்த சித்திரை வந்தபோது வரவு செலவுக்கு ஈடாகியிருந்தது. ஆகவே சுவரிலிருந்த தாளை எடுத்தோம். இப்போது மாதம் நாற்பது, ஐம்பது பொட்டலம் போகிறது. வாங்குவோரில் பாதிப்பேர் பழையவர்கள். நான்கு வளையல்களில் இரண்டு மீண்டுவிட்டன. இரண்டு இன்னும் வங்கியில் இருக்கின்றன. மகள் விடுதியில் தங்கிப் படித்து வருகிறாள். புட்டிகளின் மேல் போர்த்திய வேட்டியைத் துவைத்து மடித்து வைத்துவிட்டோம்.

காலனியில் இன்று தையல், மசாலாப் பொடி, கோலப் பொருள் என்று இணையத்தில் விற்கும் சகோதரிகள் பலர் இருக்கின்றனர். மந்த மாதத்தில் அவர்கள் தனித்தனியே கதவைச் சாத்திக்கொண்டு வருந்த வேண்டாம். மாதம் ஒரு ஞாயிறு சங்கத்தின் கூடத்தில் கணக்குப் புத்தகங்களோடு கூடுவோம். இலாபத்தை மறைத்தாலும் மறையுங்கள், மந்தத்தை மறைக்காதீர்கள். தமிழரும் தெலுங்கரும் ஒரே குழாயில் நீர் பிடித்து வாழும் இவ்வூரில், அக்கம்பக்கத்துச் சகோதரிகளையும் அழைத்து வாருங்கள்.