இன்னைக்கு என்ன சமைக்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டிருந்தீங்க: ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல தினமும் வீட்டுச் சாப்பாடு எப்படி சாத்தியம்? நான் இதுல தோத்த கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு எக்செல் ஷீட் போட்டேன். ஏழு நாள், மூணு வேளை, 21 கட்டம். கலர் அடிச்சு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டினேன். புதன்கிழமை அதுக்கு உயிர் போயிடுச்சு. மீட்டிங் ஏழரை வரைக்கும் இழுத்தது, பன்னீர் வாங்கலை, பசங்க பசின்னு நின்னாங்க, ஆப்பைத் திறந்தாச்சு. சனிக்கிழமை ஃப்ரிட்ஜோட அடித்தட்டுல அழுகின கீரைக்கட்டு.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சேரன்மகாதேவி பக்கத்துல, பத்தமடை. கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர். கல்யாணப் பாய்ல மாப்பிள்ளை பொண்ணு பேரையே நெய்து கொடுப்பாங்க.

நாம ஒண்ணை நம்பிட்டு இருக்கோம்: அந்தக் காலத்துப் பெண்களுக்கு நேரம் இருந்தது, அதனால சமைச்சாங்க, நமக்கு நேரமில்ல. எங்க தெருவுல இது சுத்தப் பொய். எதிர்வீட்டுப் பெரியம்மா விடிஞ்சதும் தறியில உக்காந்துடுவாங்க. எங்க அம்மா சொளவை மடியில வச்சுக்கிட்டு பீடி சுத்துவாங்க, சாயங்காலத்துக்குள்ள பீடிக்கடையில கணக்குக் கொடுக்கணும். இது ரெண்டும் வொர்க் ஃப்ரம் ஹோம் இல்லாம வேற என்ன? எத்தனை பாய், எத்தனை பீடின்னுதான் காசு. அடுப்புகிட்ட நிக்கிற நேரம் அத்தனையும் நட்டம்.

அப்போ எப்படித்தான் சமைச்சாங்க? இந்தத் தடவை பக்கத்துல உக்காந்து கவனிச்சேன். அம்மாகிட்ட மெனுவே கிடையாது. காய்க்கூடையைப் பார்ப்பாங்க. எது முதல்ல கெட்டுப்போகுமோ அது இன்னைக்கு. கீரை வாங்கின அன்னைக்கே, அதுவும் மதியமே. மறுநாள் வெண்டை, கத்தரி. வாழைக்காய் ரெண்டு மூணு நாள் தாங்கும். சேனை வாரக்கடைசி வரைக்கும் மூலையில கிடக்கும், அவசரமே இல்ல. அடுத்தது, நேத்து புளி ஊத்தியிருந்தா இன்னைக்குப் புளி கிடையாது. பருப்போ, தேங்காய் அரைச்ச கூட்டோ வரும். மாவு ஒரு தடவைதான் ஆட்டுவாங்க. முதல் நாள் இட்லி, அப்புறம் தோசை, புளிச்சுப்போன மிச்சத்துல வெங்காயம் போட்டு ஊத்தப்பம். அவ்வளவுதான் திட்டம். 21 கட்டத்துக்கும் சேர்த்து!

கை ஓயாத நாள்ல ஒரே பானை. கூட்டாஞ்சோறுன்னா அரிசி, பருப்பு, இருக்கிற காய், முருங்கைக்கீரை, புளி, அரைச்ச மசாலா எல்லாம் ஒண்ணா வேகும். பக்கத்துல வத்தல் பொரிச்சா போதும். அதைவிடச் சுலபம் உளுந்தஞ்சோறு. பெரியமனுஷி ஆன பிள்ளைகளுக்கு இடுப்புக்குப் பலம்னு கொடுக்கிறதுன்னு அதை ஒதுக்கி வச்சிருக்கோம். தப்பு. அது வாரநாள் ராத்திரிக்குன்னே பிறந்த சாப்பாடு.

எழுதிக்கோங்க. தோலோட உடைச்ச கருப்பு உளுந்து அரை கப், வெறும் சட்டியில வாசம் வர்ற வரைக்கும் வறுக்கணும். அரிசி ஒரு கப், பூண்டு பதினஞ்சு பல், வெந்தயம் ஒரு ஸ்பூன், தேங்காய்த் துருவல் அரை கப், உப்பு, தண்ணி நாலரை கப். குக்கர்ல நாலு விசில். தொட்டுக்க எள்ளுத் துவையல்: வறுத்த கருப்பு எள், மிளகாய் வத்தல், கொஞ்சம் புளி, தேங்காய், உப்பு, கெட்டியா அரைச்சது. துவையலை முந்தின நாளே அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிடலாம். சாப்பிடும்போது நல்லெண்ணெய் ஊத்திக்கோங்க. சொதி வேற கேஸ். தேங்காய்ப்பால் மூணு தரம் பிழியணும். அதை ஞாயித்துக்கிழமைக்கு வைங்க.

இதெல்லாம் கத்துக்கிட்டு வந்தும் ஒரு மாசத்துல மறுபடி அலுப்பு. காரணம் சமையல் இல்ல. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன், "என்ன செய்யணும் சொல்லு, செஞ்சு தர்றேன்"பார். சொல்றதே ஒரு வேலைன்னு அவருக்குத் தெரியலை. கூடையில என்ன இருக்கு, பருப்பு தீருதா, சின்னவளுக்கு நாளைக்கு டிபன் பாக்ஸ்ல என்ன, இதெல்லாம் என் தலைக்குள்ளதான் ஓடிட்டே இருக்கும். ஆபீஸ்ல இதுக்கு மேனேஜர்னு பேரு, தனிச் சம்பளம்.

பெரிய சண்டை ஒண்ணுக்கு அப்புறம் பிரிச்சோம். செவ்வாய், புதன், சனி அவரோட நாள். வெட்டிக் கொடுக்கிறது மட்டும் இல்ல, யோசிக்கிறதும் வாங்குறதும் சேர்த்து. நான் வாயைத் திறக்கக் கூடாது. முதல் புதன்கிழமை உளுந்தஞ்சோறு அடிப்பிடிச்சது. வறுக்காம போட்டிருந்தார், தண்ணியும் குறைவு. நான் ஹால்ல பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். பசங்க அப்பளத்தோட சாப்பிட்டாங்க. இப்போ என்னைவிட அவர் நல்லா பண்றார், எனக்கு லேசா பொறாமை.

அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "ஏட்டி, மாப்பிள்ளையையா அடுப்படியில நிக்க வச்சிருக்க?"ன்னாங்க. திட்டப்போறாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம், "என்ன சமைக்கன்னு யோசிக்கதுதாம்ட்டி சடைப்பு. சமைக்கதுல என்ன இருக்கு? உங்க அப்பா ஒரு நாளும் கேட்டதில்ல"ன்னாங்க. அப்பா பக்கத்துலதான் உக்காந்திருந்திருக்கார். போன்ல அவர் செருமுற சத்தம் கேட்டுச்சு.

போன வாரம் அம்மா போன் பண்ணி, அப்பா சந்தையில இருந்து தானா பார்த்து அவரைக்காய் வாங்கிட்டு வந்தாராம். பாதி முத்தல். "ஒண்ணும் சொல்லல, உரிச்சு விதையக் குழம்புல போட்டுட்டேன்"ன்னாங்க.

உங்க வீட்டுல மெனு யாரு தலைக்குள்ள ஓடுதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் சொதி பத்திப் பேசலாம்.